அரைப்புள்ளிக்கு அரை வரி உண்டா?

கேள்வி: எனக்கு 71 வயது. கணவர் தவறி ஒன்பது வருடம் ஆகிறது. செட்டிநாட்டுப் பேரூராட்சி ஒன்றில், என் மாமனாரின் தகப்பனார் கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறேன். வீடு ஆறு புள்ளிக்கு, அதாவது ஆறு குடும்பத்துக்குப் பொது. மற்ற ஐந்து வீட்டாரும் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது) என்றால்தான் வருவார்கள். 2022-ல் வரி இரண்டு மடங்கானது. இப்போது அரையாண்டுக்கு 6,400 ரூபாய். பெரும்பாலும் நான்தான் கட்டுகிறேன். மூத்த குடிமக்களுக்கு 30 சதவீதம் குறைப்பு என்று வாட்ஸ்அப்பில் வந்தது. இங்கிலாந்தில் இருக்கும் மகன், ‘இங்கே தனியாக இருப்பவர்களுக்குக் கால் பங்கு குறைக்கிறார்கள்’ என்கிறான். கோவில் கணக்கில் கைம்பெண்ணான எனக்கு அரைப்புள்ளி வரிதான். அரசாங்கத்தில் அப்படி ஏதும் இல்லையா? படைப்பு நடக்கும் வீடு என்று சொல்லி விலக்குக் கேட்கலாமா? யாருக்குத்தான் குறைப்பு கிடைக்கும்?

பதில்: ஆச்சி, உங்கள் கடிதத்தோடு வரி ரசீதின் நகலும், நீங்களே பென்சிலால் வரைந்த வீட்டுப் படமும் இருந்தன. முதலில் படத்தைத்தான் பார்த்தேன். முகப்பு, முற்றத்தைச் சுற்றிய வளவு, அதன் பின்னே இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒவ்வொன்றுக்கும் நீள அகலத்தை அடியில் குறித்திருக்கிறீர்கள். மூன்றாங்கட்டுக்கு மேல் ‘ஓடு விழுந்துவிட்டது, 2019 மழை’ என்று சின்னதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்ட எந்தச் சலுகையையும்விட அந்த ஒரு வரி உங்களுக்கு அதிகப் பணம் மிச்சம் பிடிக்கும். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் வாட்ஸ்அப் செய்தி. அந்த 30 சதவீதம் பொய்யில்லை, ஆனால் அது டெல்லி மாநகராட்சியில் உள்ள சலுகை. அங்கே மூத்த குடிமக்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்கள் ஒரு சொத்துக்கு, அதுவும் 200 சதுர மீட்டர் வரைக்கும், அதைப் பெறுகிறார்கள். ஊர்ப் பெயரை யாரோ எடுத்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். நம் தமிழ்நாட்டில் வயதுக்கோ, கைம்மைக்கோ, ஓய்வூதியத்துக்கோ சொத்து வரியில் தனிச் சலுகை கிடையாது. இது எனக்கும் வருத்தம்தான். பில் கலெக்டராக இருந்த காலத்தில், தனியாக இருக்கும் ஆச்சிமார் வீட்டு வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு நிற்கும்போதெல்லாம், இதற்கு ஒரு விதி இருந்திருக்கலாமே என்று நினைத்திருக்கிறேன்.

உங்கள் மகன் சொன்னதும் சரிதான். இங்கிலாந்தில் கவுன்சில் வரி வீட்டை மட்டும் பார்ப்பதில்லை, அதில் எத்தனை பெரியவர்கள் குடியிருக்கிறார்கள் என்பதையும் பார்க்கிறது. ஒருவர் மட்டும் என்றால் 25 சதவீதம் குறையும். முழுநேர மாணவர்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. வருமானம் குறைந்தவர்களுக்குத் தனிக் குறைப்பு உண்டு. மாற்றுத்திறனாளிக்காக வீட்டில் கூடுதல் அறையோ குளியலறையோ தேவைப்பட்டால், வரியை ஒரு படி கீழே இறக்குவார்கள். ஆனால் மகனிடம் இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். அங்கே ஒரு வீடு சாமான் ஏதும் இல்லாமல் ஓராண்டு காலியாகக் கிடந்தால், கவுன்சில் அதற்கு வரியை இரட்டிப்பாக்கலாம். 2024 ஏப்ரலிலிருந்து அப்படி. பத்து வருடம் கிடந்தால் நான்கு மடங்கு வரை போகலாம். அந்தச் சட்டம் கானாடுகாத்தானுக்கும் பள்ளத்தூருக்கும் வந்தால் எத்தனை தெருக்கள் தாங்கும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே ஆளையும் பார்த்து வரி, இங்கே கட்டடத்தை மட்டும் பார்த்து வரி. அதனால் அங்கத்திய விதியை இங்கே கேட்க வழியில்லை.

அரைப்புள்ளி விஷயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். கணவன் மனைவி சேர்ந்தால் ஒரு புள்ளி, ஒருவர் போய்விட்டால் அரைப்புள்ளி என்று நகரத்தார் கோவில் கணக்கில் வைத்தவர்கள், குடும்பத்தின் நிலையைப் பார்த்து வரி போட்டிருக்கிறார்கள். நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அரசாங்கக் கணக்கில் அதற்கு இடமில்லை என்பதுதான் பதில்.

சரி, யாருக்குத்தான் இங்கே குறைப்பு?

ஆளைப் பார்த்துத் தருவது என்று சொன்னால் படைவீரர் குடும்பங்களைச் சொல்லலாம். போரில் உயிரிழந்தவர்களின் மனைவியர், வீர விருது பெற்றவர்கள், போரில் உடல் ஊனமுற்றவர்கள் ஆகியோர் தாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குக் கட்டிய வரியை, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகத் திரும்பப் பெறும் திட்டம் இருக்கிறது. முதலில் வரியைக் கட்டி ரசீது வாங்க வேண்டும், அப்புறம் விண்ணப்பம். உங்கள் ஆறு புள்ளியில் யாராவது பட்டாளத்தில் இருந்தவர்கள் உண்டா? இருந்தால் அவர்களே அந்த அலுவலகத்தில் போய்க் கேட்பது நல்லது.

அடுத்தது எல்லோருக்கும் பொதுவானது. அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 30-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. உச்சவரம்பு 5,000 ரூபாய். உங்களுக்கு அரையாண்டுக்கு 320, வருடத்துக்கு 640. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி மூன்றுக்கும் இது உண்டு. உங்கள் ரசீதைப் பார்த்தேன், போன வருடம் ஆகஸ்டில் கட்டியிருக்கிறீர்கள். பங்காளிகள் பணம் அனுப்பட்டும் என்று காத்திருந்திருப்பீர்கள். தாமதித்தால் மாதம் ஒரு சதவீதம் வட்டி ஏறும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

முழு விலக்கு என்பது பயன்பாட்டைப் பொறுத்தது. பொது வழிபாட்டுக்கென்றே ஒதுக்கி அதற்கே பயன்படும் இடம், வாடகை வாங்காத சத்திரம், வாடகை வாங்கினாலும் அது முழுக்கத் தருமத்துக்கே போகும் சத்திரம், தரும மருத்துவமனை, பாதுகாக்கப்பட்ட தொல்சின்னம், சுடுகாடு, இடுகாடு. 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டக் காலத்திலிருந்து வரும் பட்டியல் இது. இதில் ‘பொது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். படைப்பு வீட்டுக்குப் பங்காளிகள் மட்டுமே வருகிறார்கள். ஊரார் யாரும் எப்போதும் வந்து கும்பிடும் இடம் இல்லை அது. மேலும் அதே கூரைக்குக் கீழே நீங்கள் சமைத்துச் சாப்பிட்டுக் குடியிருக்கிறீர்கள். ஆகவே படைப்பைக் காட்டி விலக்குக் கேட்காதீர்கள். கிடைக்காது, கேட்ட மனு கோப்பில் கிடந்து அடுத்த மனுவுக்கும் கெட்ட பெயர் வாங்கித் தரும். உங்கள் குடும்பத்துக்கு ஊரில் சத்திரமோ வேத பாடசாலையோ இருந்து, அதற்கு வரி கட்டிக்கொண்டிருந்தால் அதைத் தனியாக எனக்கு எழுதுங்கள்.

இன்னொரு பேச்சும் அடிக்கடி காதில் விழுகிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியதால் பழைய வீடுகளுக்கு வரி கிடையாது என்று. அந்தப் பட்டியலால் வரியில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. தொல்சின்னச் சட்டத்தின் கீழ் அந்தக் கட்டடத்தையே பெயர் சொல்லி அறிவித்திருந்தால்தான் விலக்கு. உங்கள் வீட்டை அப்படி அறிவித்தால் ஒரு கதவை மாற்றவும் அனுமதி கேட்க வேண்டிவரும் என்பதும் நினைவிருக்கட்டும்.

‘ஐந்து பேர் பங்கு பூட்டித்தானே கிடக்கிறது’ என்று உங்களுக்குத் தோன்றும். வீடு முழுவதும் ஒரே வரிவிதிப்பு எண்ணில் இருக்கிறது, அதில் நீங்கள் குடியிருக்கிறீர்கள். வளவறைகளுக்குப் பூட்டுப் போட்டிருப்பதால் அது காலி வீடு ஆகாது.

இப்போது படத்துக்கு வருகிறேன்.

சொத்து வரி என்பது கட்டடத்தின் பரப்பு, அது இருக்கும் பகுதி, குடியிருப்பா வணிகமா, கூரை என்ன, வயது என்ன என்ற விவரங்களிலிருந்து வருவது. 2022-ல் ஏற்றியதும் பரப்பைப் பார்த்துத்தான். நம் பக்கத்துப் பேரூராட்சி, நகராட்சிகளில் 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் போனால் 100. செட்டிநாட்டு வீடு எங்கே 1,800-க்குள் அடங்கப்போகிறது? அதனால்தான் உங்களுக்கு இரண்டு மடங்கு. அந்த விகிதத்தை நீங்களோ நானோ மாற்ற முடியாது. ஆனால் எந்தப் பரப்பின் மேல் அதைப் போட்டார்கள் என்று கேட்கலாம்.

உங்கள் ரசீதில் 9,800 சதுர அடி என்று இருக்கிறது. படத்தில் நீங்கள் போட்டிருக்கும் வெளி அளவைப் பெருக்கினாலும் ஏறக்குறைய அதே எண் வருகிறது. அதாவது வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவருக்கு அளந்து பெருக்கியிருக்கிறார்கள். இது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படி அளந்திருக்கிறேன். நம் வீடுகளில் தலைவாசலில் நின்றால் பின்வாசல் வரை நேராகத் தெரியும். கூட வந்த பையன் டேப்பின் முனையை நிலைப்படியில் பிடித்துக்கொள்வான். நான் பட்டாலையைத் தாண்டி, வளவு முற்றத்தில் இறங்கி ஏறி, இரண்டாங்கட்டைக் கடந்து பின்தெரு வரை டேப்பை இழுத்துக்கொண்டே போவேன். முற்றத்தில் காலில் வெயில் சுடும். வெயில் விழுகிற இடத்துக்குக் கூரை இல்லையே, அதைக் கழிக்க வேண்டுமே என்று அன்றைக்குத் தோன்றவில்லை. பின்னால் ஒரு மூத்த வருவாய் ஆய்வாளர்தான் என்னைத் திரும்ப அனுப்பி அளக்கவைத்தார். அப்படித் திரும்பப் போகாத வீடுகள் எத்தனையோ.

உங்கள் படத்தின்படி வளவு முற்றம் 36-க்கு 18 அடி, 648 சதுர அடி. இரண்டாங்கட்டு முற்றம் 20-க்கு 15, அது 300. ஓடு விழுந்து சுவர் மட்டும் நிற்கிற மூன்றாங்கட்டு 60-க்கு 30, அது 1,800. மூன்றும் சேர்ந்து 2,748 சதுர அடி. மொத்தத்தில் 28 சதவீதம். உங்கள் மகன் அங்கே பெறுகிற கால் பங்கைவிடக் கூட. பரப்புக்கு ஏற்ப வரி குறைந்தால் அரையாண்டுக்குச் சுமார் 1,800 ரூபாய் குறையும். கேட்க வேண்டியது இதைத்தான். இது சலுகை கேட்பது ஆகாது, கணக்கைத் திருத்தச் சொல்வது. உங்கள் வயதும் வருமானமும் இதற்குத் தேவையே இல்லை.

மூன்றாங்கட்டு 2019-ல் விழுந்ததை எழுத்தில் யாருக்கும் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள், யாரும் சொல்வதில்லை. கட்டினாலும் இடித்தாலும் உரிமையாளர் எழுதித் தெரிவிக்க வேண்டும் என்பது பழைய விதி. தெரிவிக்காதவரை பதிவேட்டில் அந்தக் கட்டு ஓட்டோடு நிற்கும். இதுவரை கட்டியதைத் திரும்பக் கேட்டு மல்லுக்கு நிற்க வேண்டாம், வருகிற அரையாண்டிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். விழுந்த இடத்தைக் காலிமனையாகக் கணக்கிட்டால் அதற்கு என்ன வரும் என்பதையும் அலுவலகத்தில் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள், பின்னால் திகைக்க வேண்டாம்.

திண்ணையை ஒட்டிய முன்னறை 2016 வரை தையல் கடைக்கு வாடகைக்கு இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ரசீதில் அந்த அறை இன்னும் வணிகம் என்றே இருக்கிறது. வணிகத்துக்கு விகிதம் கூட. கடை போய்விட்டது, அதன் மின் இணைப்பையும் வீட்டு இணைப்பாக மாற்றிவிட்டீர்கள் என்றால் அந்த மின் அட்டையின் நகல் ஒன்றே போதுமான சான்று. (இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். முகப்பையும் வளவையும் சினிமாப் படப்பிடிப்புக்கோ, தங்கும் விடுதிக்கோ தொடர்ந்து விட்டால் அது வணிகப் பயன்பாடுதான்.)

கட்டடத்தின் வயதையும் பாருங்கள். வயதுக்கு ஏற்பக் கழிவு உண்டு. ஆனால் பதிவேட்டில் கட்டிய ஆண்டு என்று எதைப் போட்டிருக்கிறார்கள் என்பது முக்கியம். மராமத்துச் செய்த வருடத்தையோ மின் இணைப்பு வாங்கிய வருடத்தையோ கட்டிய வருடமாக எழுதியதைப் பார்த்திருக்கிறேன். முகப்புச் சுதை வேலையில் ஆண்டு பொறித்திருந்தால் அதைப் படம் எடுத்து வையுங்கள்.

அப்புறம், உங்கள் வீட்டுப் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கிறது. அந்தப் பக்கமும் ஒரு கதவிலக்கம் ஒட்டியிருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். தெருவுக்குத் தெரு நீண்ட ஒரு வீட்டுக்கு முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டு வரிவிதிப்பு எண் இருந்து, முன்னதை ஒரு பங்காளியும் பின்னதை இன்னொரு பங்காளியும் பதினோரு வருடம் கட்டிவந்ததை நானே கண்டுபிடித்திருக்கிறேன். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, அதனால் தெரியவே இல்லை.

மனுவுக்கு முன்னால், பதிவேட்டில் உங்கள் வீட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். கேட்டுத் தரவில்லை என்றால் 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வரிவிதிப்புப் பதிவேட்டின் நகலும் அளவுக் குறிப்பும் கேளுங்கள். 30 நாளில் தர வேண்டும். அதை வைத்துக்கொண்டு, உரிமம் பெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் கூரை உள்ள பகுதி தனி, திறந்த பகுதி தனி என்று அளவுப்படம் வாங்குங்கள். மனுவைச் செயல் அலுவலர் பெயருக்கு எழுதுங்கள். நேரில் வந்து அளந்து பரப்பைத் திருத்த வேண்டும், மூன்றாங்கட்டை நீக்க வேண்டும், முன்னறையைக் குடியிருப்பாக மாற்ற வேண்டும். மனுவில் இந்த மூன்றுக்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். கணவர் இல்லாததையும் கஷ்டத்தையும் எழுத ஆரம்பித்தால் மனு கருணை மனுவாகிவிடும், அளக்க யாரும் வர மாட்டார்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள். மாதம் ஒன்றாகியும் அசைவில்லை என்றால், சிவகங்கையில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் அந்தச் சீட்டின் நகலோடு கொடுங்கள். இதற்கிடையில் வரியைக் கட்டாமல் நிறுத்திவிட வேண்டாம். மனு நிலுவையில் இருக்கிறது என்பதற்காக வட்டி நிற்காது.

அளக்க வரும்போது எல்லாவற்றையும்தான் அளப்பார்கள். மாடியில் பின்னாளில் கட்டிய குளியலறை பதிவில் இல்லாமல் இருந்தால் அது சேரும். அதற்குப் பயந்து மனுப் போடாமல் இருக்க வேண்டாம், 2,748 அடிக்கு முன்னால் அது சின்னது.

இனி பெயர் விஷயம். ரசீது இன்னும் உங்கள் மாமனாரின் தகப்பனார் பெயரில் வருகிறது. அவர் காலமாகி அறுபது வருடம். பங்காளிகள் பெயர் மாற்ற விடவில்லை, ‘உன் பெயரில் வரி வந்தால் வீடு உனக்காகிவிடும்’ என்று பயப்படுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள். வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. யார் பெயரில் வரி வந்தாலும் ஆறு புள்ளியின் பங்கு ஆறு புள்ளிக்குத்தான். வாரிசுச் சான்றுகளை வைத்து ஆறு பேர் பெயரையும் எழுதி, ‘வகையறா’ என்று சேர்த்துப் பதியச் சொல்லலாம், நம் பக்கத்தில் வழக்கமான முறைதான். வரியை ஆறாகப் பிரிக்க முடியுமா என்றால், எல்லை காட்டிய பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் கேட்கலாம். உங்கள் வீட்டில் பங்கு அறை அறையாக இருக்கிறது, வளவும் முகப்பும் பொது. அதைப் பிரிக்கப் புகுந்தால் வரியைவிடச் செலவு அதிகம், மனக்கசப்பு அதைவிட அதிகம். நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

அதற்குப் பதில் இப்படிச் செய்யலாம். ஆண்டுக்கு 12,800 ரூபாய் என்றால் ஒரு புள்ளிக்கு 2,133. பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் மார்ச் கடைசியில் ரசீதைப் போட்டு, ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். நீங்கள் கட்டிய பழைய ரசீதுகளையும் ஆண்டு வாரியாக அடுக்கி வையுங்கள். பொதுச் சொத்துக்காக ஒருவர் கட்டிய பணத்தில் மற்றவர்கள் தங்கள் பங்கைக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள், சட்டமும் அதைத்தான் சொல்கிறது. வீட்டைக் கூட்டி, விளக்கேற்றி, ஒழுகும் ஓட்டுக்குக் கீழே பாத்திரம் வைத்துக் காப்பாற்றுவது நீங்கள் ஒருவர். வரியையாவது ஆறு பேரும் சேர்ந்து கட்டட்டும்.

ரசீதில் தனியாக இருக்கும் நூலகத் தீர்வை என்ன என்று கேட்டிருந்தீர்கள். வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா, 1948-ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டப்படி வாங்குவது. வரி குறைந்தால் அதுவும் குறையும். அதை மட்டும் தனியே குறைக்கச் சொல்லி யாருக்கும் நான் மனு எழுதித் தந்ததில்லை.

உங்களைப் போலவே எழுதிய இன்னும் சிலருக்கு ஒரு குறிப்பு. காரைக்குடி 2024-ல் மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர்ப் பேரூராட்சிகளும் அதில் சேர்ந்தன. அங்கே வீடு வைத்திருப்பவர்கள் செயல் அலுவலருக்கு மனு எழுத வேண்டாம், மாநகராட்சி ஆணையருக்கு எழுதுங்கள். ஊராட்சியில் வீடு இருப்பவர்களுக்கு 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி வீட்டு வரி. அது வேறு கணக்கு.

ஆச்சி, பொறியாளர் வருவதற்கு முன் மூன்றாங்கட்டை நான்கு பக்கமிருந்தும் படம் எடுத்துவிடுங்கள், செடி கொடியை வெட்டுவதற்கு முன்னாலேயே. சுவருக்குள் முளைத்திருக்கும் வேப்பமரம் படத்தில் தெரியட்டும். மனுவை எழுதி முடித்ததும் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.